பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது

மற்ற பள்ளிக்கூடங்களில் டீச்சர்களுக்குத் தொண்டை போகும். இந்த டீச்சர் வேலை பார்த்த இடத்தில் முட்டி போகும். முப்பது வயதைத் தாண்டுவதற்குள் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

காரணம் அந்தப் பள்ளியின் முறை. சின்னஞ்சிறு பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு, தங்கள் வேகத்தில் கற்றுக்கொள்ளும் இடம் அது. அங்கே பிள்ளைகளை எங்கோ நின்றுகொண்டு கூப்பிடக் கூடாது. நடந்து போய், முன்னால் மண்டியிட்டு, கண்ணுக்கு நேரே கண் வைத்து, உதடு தெரிய, நிதானமாகப் பேச வேண்டும். அதுவும் வாங்க, போங்க என்று மரியாதையாக. பிள்ளை ஏதாவது காரியத்தில் மூழ்கியிருந்தால் அந்தப் பேச்சும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும். கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குப் பயறு கொட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மண்டைக்குள் ஏதோ இழை இழையாகப் பின்னிக்கொண்டிருக்கிறது, நாம் குரல் கொடுத்தால் அது அறுந்துவிடும் என்று பள்ளியை நடத்தும் பெரிய டீச்சர் சொல்வார். சொல்லும்போது அவர் குரலே பாதியாகிவிடும்.

சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலையா என்று வெளியில் கேட்பார்கள். கேட்பவர்களைக் கூட்டி வந்து, ஒரு பையன் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்ல வேண்டும். முதல் பொத்தானை மூன்றாவது ஓட்டையில் நுழைப்பான். அவிழ்ப்பான். மறுபடி அதே ஓட்டை. நம் விரல்கள் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் மட்டும் அமைதியைப் பூசிக்கொண்டு இருக்க வேண்டும். இப்படி ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தால் மூட்டை தூக்குவதே மேல் என்று தோன்றும். டீச்சருக்கு அப்படித் தோன்றாத நாளே இல்லை. ஆனாலும் அந்த முறையை அவள் மனசார நம்பினாள்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்பு ஒரு சாதாரணப் பள்ளியில் இருந்தாள். அங்கே பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். சொன்னால் எழுந்திருக்கும், சொன்னால் தூங்கும். ஒரு நாள் ஒரு பெண்குழந்தை ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கப் பயந்து உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டு, அதை யாரும் பார்க்கக் கூடாது என்று பாவாடையை இழுத்து இழுத்து மூடியது. அன்றைக்கே வேலையை விட்டாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் அதை இப்படி யாரும் அதட்டி வளர்க்க விடமாட்டேன் என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் எந்தத் தப்பும் இல்லை. இன்று வரைக்கும் இல்லை. இதைத்தான் அவளால் பிற்பாடு தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பிள்ளை பிறந்தது. பெண். பந்து மாதிரி இருந்ததால் அப்பன்காரர் பார்த்தவுடனேயே உருண்டை என்று பெயர் வைத்துவிட்டார். சான்றிதழில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அதை ஆஸ்பத்திரியில் மட்டும்தான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் வைத்தால் பிள்ளை மனசில் ஒட்டிக்கொள்ளும் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே வாயில் அதுதான் வந்தது.

அப்பன்காரருக்கு அச்சகத்தில் மெஷின் ஓட்டும் வேலை. மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவருக்குச் சாதாரணப் பேச்சே சண்டை மாதிரி இருக்கும். சாயங்காலம் தெருமுனையில் வரும்போதே யாரிடமாவது நலம் விசாரிப்பார். அது கேட்டு டீச்சர் மூன்றாம் மாடியில் அடுப்பைப் பற்ற வைப்பாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "உருண்டே!" என்று ஒரு குரல் கொடுப்பார். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டி, உட்கார்ந்து எதையாவது நோண்ட ஆரம்பித்ததும் டீச்சர் அதற்குத் தடை போட்டாள். அவள் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள், பின்னாலிருந்து கத்தாதீர்கள், கிட்டே வந்து உட்காருங்கள், அவளாகப் பார்க்கும்வரை பொறுங்கள் என்றாள். முதல் சில நாள் மறந்துவிட்டார். பிறகு பழகிக்கொண்டார். தன் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அது நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பார். காத்திருந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவதும் உண்டு. படித்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

உருண்டை அம்மாவின் பள்ளிக்கே வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே பள்ளியின் பெருமையாகிவிட்டாள். மற்ற பிள்ளைகள் யாராவது கதவைத் திறந்தால் திரும்பும், பக்கத்தில் யாராவது சிரித்தால் எட்டிப் பார்க்கும். இவள் குனிந்த தலை நிமிர மாட்டாள். மரக்கட்டைகளை அடுக்குவாள், கலைப்பாள், அடுக்குவாள். பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோர்களைப் பெரிய டீச்சர் நேராக இவளிடம்தான் கூட்டி வருவார். இவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பாருங்கள், நாம் இத்தனை பேர் நிற்கிறோம், கவனம் சிதறுகிறதா என்று மெதுவாகக் கேட்பார். பெற்றோர்கள் பெருமூச்சு விடுவார்கள். தங்கள் வீட்டில் இருப்பது பம்பரம் என்பார்கள். அந்த நேரத்தில் டீச்சருக்கு முட்டி வலி தெரியாது. நாள் முழுக்கச் செத்துப் பிழைத்துச் செய்கிற வேலைக்கு அந்தக் குனிந்த தலைதான் பலன் என்று நினைத்துக்கொள்வாள்.

பேச்சு கொஞ்சம் குறைவுதான். அம்மா, தா, போ, பூனை என்று விரல்விட்டு எண்ணலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரம் உண்டு, அவசரப்படுத்தக் கூடாது என்று அவளே எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அதைத் தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

பூனை என்று ஒரு வார்த்தை வந்தது அல்லவா, அங்கேதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. உருண்டைக்குப் பூனை என்றால் பைத்தியம். தெருவில் ஒன்றைப் பார்த்துவிட்டால் கையை உதறிக்கொண்டு ஓடுவாள். அன்றைக்குப் பள்ளியில் வெளியூரிலிருந்து சில டீச்சர்கள் முறையைப் பார்த்துப் படிக்க வந்திருந்தார்கள். வகுப்பு அமைதியாக இருந்தது. சாமான் அலமாரிக்குப் பின்னாலிருந்து மியாவ் என்று ஒரு சன்னமான குரல். எப்படியோ உள்ளே புகுந்த குட்டி, வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையன் எழுந்தான். இரண்டு பேர் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பே அலமாரிக்கு முன்னால் குவிந்து, காதை வைத்துக் கேட்டு, பூனை, பூனை என்று கிசுகிசுத்தது. குட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

உருண்டை மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வந்திருந்த டீச்சர்களில் ஒருத்தி, பூனைக்குக் கூட எழுந்திருக்கவில்லையே என்று வியந்து போனாள். பெரிய டீச்சர் பூரித்துப் போனார். நம் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஆயா அலமாரியை நகர்த்திக் குட்டியைப் பிடித்து வெளியே எடுத்தாள். தூக்கிக்கொண்டு உருண்டைக்கு முன்னால் போனாளோ இல்லையோ, பிள்ளை கட்டைகளை அப்படியே தள்ளிவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அத்தனை நேரம் அது அங்கேதான் கத்திக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. வந்தவர்கள் கை தட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் டீச்சர் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. உருண்டை தரையில் உட்கார்ந்து மூடிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்குப் பின்னால் நின்றாள். இத்தனை காலத்தில் யாரையும் செய்ய விடாத காரியத்தைச் செய்தாள். கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். ஒரு மூடி உருண்டு போனது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படிக் கத்தினாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்து, அம்மா நிற்பதைக் கண்டு, ஆனந்தமாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் டீச்சர் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அவள் கத்தியது வாசல்வரை கேட்டிருக்கிறது. அச்சகத்துக்காரர் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னாள். பூனையைச் சொன்னாள், கட்டையைச் சொன்னாள், கை தட்டியதைச் சொன்னாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, தண்ணீர்க் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, அவர் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாத ஒரு குரலில் சொன்னார்.

"நான் கூப்பிட்டா அவ திரும்புறதில்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீ இல்லாதப்ப ரெண்டு மூணு தடவை மெதுவாக் கூப்பிட்டுப் பாத்திருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்மேல ஒட்டுதல் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். அதப் போயி எப்படிச் சொல்றது?"

திட்டியிருக்கலாம். உன் படிப்பும் ஆச்சு, முறையும் ஆச்சு என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். டீச்சர் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். அவர் கேட்காததால் அவளுக்கு எங்கேயும் சாய இடமில்லாமல் போய்விட்டது.

காது சோதனை செய்கிற இடத்தில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. உருண்டையை அப்பா மடியில் உட்கார வைத்து, இப்படியும் அப்படியும் ஓசை எழுப்பிப் பார்த்தார்கள். சோதித்த பெண் பொறுமையாகப் பேசினாள். இரண்டு காதிலும் பாதிதான் கேட்கிறது, பிறவியிலிருந்தே இருந்திருக்கலாம், கிட்டே இருந்து பேசினால் பிடித்துக்கொள்வாள், தள்ளி நின்றால் அவளுக்கு வெறும் முணுமுணுப்பு. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டீச்சரிடம் கேட்டாள். சொன்னதும் தலையாட்டினாள். அதனால்தான், நீங்கள் எப்போதும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசியிருக்கிறீர்கள், இந்த நாலு வார்த்தை வந்ததே அதனால்தான் என்றாள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். ஆனால் அதே காரணத்தால்தான் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று என்பதை டீச்சருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எது காப்பாற்றியதோ அதுவே மறைத்தும் வைத்திருந்தது. யார்மேல் கோபப்படுவது?

இனி காதுக்குக் கருவி மாட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கழற்றக் கூடாது. மூளையில் பேச்சு ஊன்றுகிற வயது இது, கேட்காமல் போனதை ஈடுகட்ட வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெரிய டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் முழுக்க ஒவ்வொரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று சின்னதாகக் கை தட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தன. ஒரு பையன் "வேலை செய்றேன்ல?" என்றே கேட்டுவிட்டான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்குப் போனார்.

கருவி வந்தது. மாட்டிய முதல் நாளே உருண்டை அதைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி மாட்டினால் ஊரே திரளும்படி அழுதாள். பிள்ளையின் விருப்பத்துக்குக் காத்திருப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் டீச்சர். ஒரு பிள்ளையின் கையையும் அவள் பிடித்து அழுத்தியதில்லை. இப்போது தன் பிள்ளையை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையைப் பிடித்து, காதில் திணிக்க வேண்டியிருந்தது. காத்திருக்க நேரமில்லை, ஏற்கெனவே காத்திருந்ததுதான் வினை. முடித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். உருண்டை அதற்குள் இன்னொரு தடவை கழற்றியிருப்பாள்.

ஒரு நாள் கழற்றிய கருவியைத் தூக்கி எறியாமல் அம்மாவிடம் கொண்டு வந்தாள். கையில் கொடுக்கவில்லை, அம்மாவின் காதில் வைத்து அமுக்கினாள். அளவு பொருந்தாமல் அது கீச்சென்று கத்தியது. டீச்சர் அதைச் சரி செய்து பிடித்துக் கேட்டாள். மேலே சுற்றுகிற மின்விசிறி மண்டைக்குள் சுற்றியது. குழாய்ச் சொட்டு ஆணி அடித்தது. தெருவில் போன வண்டி காதுக்குள்ளேயே போனது. டீச்சர் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டாள். உருண்டை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தானாக முன்வந்து காட்டுவதைக் கவனி என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பாள்!

அதற்கப்புறம் அந்த வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை. ஜன்னலைச் சாத்தி, குழாய்க்குக் கீழே துணியைப் போட்டார்கள். வெயில் காலம். மூன்று பேரும் வேர்த்து வழிந்தார்கள். உருண்டை கருவியை முதலில் கொஞ்ச நேரம், பிறகு இன்னும் கொஞ்ச நேரம் என்று வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் பேச்சு வேலை. பள்ளியில் வாயை மூடியிருந்து களைத்தவள் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து களைத்தாள். வெங்காயத்தை உரிக்கிறேன், தோல் போயிடுச்சு, கண்ணு எரியுது என்று ஆரம்பித்தால் படுக்கும்வரை நிறுத்த முடியாது. சொல்ல எதுவும் இல்லாமல் போனால் தன் முட்டி வலியைப் பற்றியே பிள்ளையிடம் விலாவாரியாகச் சொல்வாள். உருண்டை உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். இரண்டு புது வார்த்தை வந்தது. அதில் ஒன்று "வலி".

எல்லாம் மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. அச்சகத்துக்காரர் இன்னும் திருடன் மாதிரியே வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். அடிமேல் அடி, பக்கத்தில் தரை, சுவர்ச் சாய்வு. பழக்க தோஷம் என்று டீச்சர் விட்டுப் பார்த்தாள். இனிமேல் கூப்பிடலாம், கூப்பிட வேண்டும் என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். சரி சரி என்பார்; மறுநாளும் அதே பூனை நடை.

ஒரு சாயங்காலம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றும்போதே போய் வழியை மறித்துக்கொண்டாள். உள்ளே உருண்டை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கருவி காதில் இருந்தது.

"கூப்பிடுங்க."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஏன்?"

"இப்பக் கேக்குது இல்ல? இப்பவும் திரும்பலன்னா?"

டீச்சருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. இத்தனை நாளும் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதில் இந்த மனுஷன் ரகசியமாக ஆறுதல் அடைந்திருக்கிறார். தன்மேல் பிரியம் இல்லாததால் அல்ல, காதால்தான் என்று. அந்த ஆறுதலையும் இழந்துவிடப் பயந்து, கூப்பிடாமலே காலத்தை ஓட்டுகிறார். அவரை இந்த நிலைக்குக் கொண்டு வந்தது தன் வாய்தான் என்பதும் புரிந்தது. மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. கேட்டாலும் அவர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார். வழியை விட்டு நகர்ந்து, அவர் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அவர் "உருண்டே" என்றார். பாதிக்குரல் கூட இல்லை.

பிள்ளை அசையவில்லை. அவர் முகம் செத்துப் போனது. டீச்சர் முழங்கையை விடவில்லை. அச்சகத்தில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுங்கள் என்றாள்.

"உருண்டே!"

மூடி கையிலிருந்து விழுந்தது. உருண்டை தலையைத் தூக்கினாள். சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். மேலே நின்றுகிடந்த மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, அம்மாவின் வாயைப் பார்த்தாள். தன்னைக் கூப்பிட்ட குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. கருவி மாட்டிய பிறகு அப்பா அவளை ஒரு தடவை கூடத் தள்ளி நின்று கூப்பிட்டதில்லை. அம்மாவின் வாய் மூடியிருந்தது. பக்கத்தில் இருந்த அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் தேடப் போனாள்.

"கேட்டுச்சு" என்றார் அவர். அழுதுகொண்டிருந்தார். "நான்னு தெரியல, ஆனா கேட்டுச்சு."

"மொகத்தத் தொடைங்க" என்றாள் டீச்சர். "உங்க வாயத்தான் பாக்கணும் அவ. திரும்பவும் கூப்பிடுங்க."

அவர் முண்டாசுத் துணியால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். டீச்சர் முழங்கையை விட்டுவிட்டு, வலிக்கிற முட்டியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். இன்றைக்கு இனி அவள் பேச வேண்டியதில்லை. அவர் மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கும்படி தன் பிள்ளையைக் கூப்பிட ஆரம்பித்தார்.